முள் இல்லாத வண்டி

மெஹிகாலி. ஆகஸ்ட். பகல் மூன்று மணி.
எல்லைச் சாவடிக்கு இன்னும் நூற்றெண்பது வண்டி.
நாற்பத்தேழு டிகிரி என்கிறது வங்கியின் பலகை.
போன வாரம் ஐம்பதைக் காட்டிவிட்டு
அணைந்துபோன பலகைதான்,
முழுதாக நம்ப வேண்டாம்.

என் நிஸான் தொண்ணூற்றிரண்டாம் வருடத்தது.
இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறதென்று சொல்ல
அதில் முள் கிடையாது.
கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலைதான் முள்.
சிலுவை லேசாக ஆடினால் எண்ணூறு.
மணிகள் நறநறவென்று பல்லைக் கடித்தால் அறுநூறு.
அதற்கும் கீழே போனால்
எனக்கே ஜெபம் வந்துவிடும்.

ஓடுகிறவரை ஒரு குறையும் இல்லை.
நின்றால்தான் வியாதி.
ஏசி பொத்தானை அமுக்குவேன்,
முன்னால் எங்கோ டக்கென்று கம்ப்ரஸர் கவ்வும்,
ஸ்டியரிங் என் முழங்கைவரை உதறும்,
ரேடியோ விளக்கு மங்கும்,
வண்டி ஒரு விக்கல் விக்கிச் செத்துப்போகும்.
பின்னால் ஹாரன்.
அதற்கும் பின்னால் அதைவிடப் பெரிய ஹாரன்.

எரிபெர்த்தோவின் பட்டறையில் மூன்று சனிக்கிழமை போயிற்று.
முதல் சனி, பிளக் நான்கும் புதிது.
இரண்டாம் சனி, த்ராட்டிலைக் கழற்றிக் கழுவினான்;
தார்போல் கரி வந்தது, எனக்கும் நம்பிக்கை வந்தது.
மூன்றாம் சனி பொறுமை போய்
ஐட்லிங் ஸ்குரூவை அரைச்சுற்றுத் திருகிவிட்டான்.
"தீர்ந்தது" என்றான்.
தீரவில்லை. ஏசி இல்லாதபோது
சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தபடி
கயிறறுத்த காளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஏசி போட்டால் பழைய விக்கல்தான்,
கொஞ்சம் உரத்த குரலில்.

இன்றும் நின்றது.
இளநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நெரெய்தா
கத்தியைத் தேங்காயில் செருகிவிட்டு
பின்னாலிருந்து தள்ளினாள்.
பத்து வருடமாக இந்த வரிசையில் நடக்கிறவள்,
நின்ற இடத்தில் இரைகிற வண்டிகளை
நாளுக்கு ஆயிரம் கேட்கிறவள்.

"உன்னுடையது கேட்பதில்லை" என்றாள்.
"எது?"
"மற்ற வண்டியெல்லாம்
முதலில் ஒரு மூச்சு இழுக்கும்,
பிறகுதான் டக்.
உன்னுடையதில் டக் மட்டும்தான்."

வரிசை அசையவில்லை. பானட்டைத் திறந்தேன்.
சுமை வருகிறது, தோளைக் கொடு என்று
இன்ஜினிடம் போய்ச் சொல்ல
ஒரு சின்ன வால்வு உண்டு,
கட்டைவிரல் பருமன்தான்.
அதன் ஒயர் கழன்று
பேட்டரி ஓரமாக, பச்சை பூத்து,
யாரும் கூப்பிடாத விருந்தாளியாகக் கிடந்தது.
பிளக் மாற்றிய சனிக்கிழமையா,
அதற்கு முன்பா, யார் கண்டது.
பாவம் இன்ஜின்.
ஒருவரும் சொல்லாமல்
ஒவ்வொரு முறையும் முதுகில் மூட்டை விழுந்தால்
நானும்தான் விக்குவேன்.

தேங்காய்க் கத்தியின் நுனியால் பச்சையைச் சுரண்டினேன்.
எலுமிச்சை பிழியட்டுமா என்றாள்,
வேண்டாம் என்றேன்.
செருகினேன். க்ளிக்.

பொத்தான்.
ஒரு மூச்சு.
பிறகு டக்.
சிலுவை கொஞ்சம் ஆடி, யோசித்து, நின்றது.
முகத்தில் வந்த காற்றில்
பழைய சாக்ஸும் தூசியும் மணத்தன,
ஆனாலும் குளிர்.

சாவடியில் அதிகாரி முகத்தைச் சுளித்தார்.
"ஏன் இப்படி இரைகிறது? இன்ஜினை அணை."
எரிபெர்த்தோவின் அரைச்சுற்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது.
அணைத்தேன்.
என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்டார்.
பக்கத்து சீட்டைப் பார்த்தேன்:
பாதி குடித்த இளநீர்,
அவளுடைய கத்தி,
கொடுக்க மறந்த நாற்பது பெசோ.